பிறர் குரலுக்கு எழுதியவர்: நீல் பியர்ட்டின் பாடல்மொழி

ராக் இசையில் பாடலை எழுதுபவரே பாடுவதும் பெருவழக்காக இருக்க, கனடாவின் டொராண்டோவில் தோன்றிய ரஷ் குழுவில் டிரம்ஸ் வாசித்த நீல் பியர்ட் பெரும்பாலான பாடல்களை எழுத, கெடி லீ அவற்றைப் பாடினார். 1974இல் குழுவில் சேர்ந்த பியர்ட் 2012இல் வெளிவந்த கடைசி இசைத்தொகுப்புவரை கடைப்பிடித்த இந்த ஏற்பாடே அவருடைய நடையின் வலிமைக்கும் குறைக்கும் ஊற்றுக்கண் எனலாம். ஏனெனில், தாம் பாடப்போவதில்லை என்று அறிந்து எழுதுபவர் தம் மனத்தைத் திறந்து காட்டவேண்டிய கட்டாயம் இல்லாமல் கருத்தையும் கதையையும் முன்னிறுத்த முடிகிறது. கற்பனைக் கதைகளில் தொடங்கிய அவர் படிப்படியாகச் சொந்த வாழ்வை நோக்கி முதிர்ந்தார் என்ற பரவலான கருத்து பாதி உண்மையே.

1976இல் வெளிவந்த ‘2112’ என்னும் நெடும்பாடல் இசைத்தட்டின் ஒரு பக்கத்தை முழுவதுமாக நிரப்பி 20 நிமிடங்களுக்கு மேல் ஓடுகிறது. பூசாரிகள் ஆளும் எதிர்கால உலகில் ஒருவன் பழைய கிட்டார் ஒன்றைக் கண்டெடுக்கிறான். அதைப் பூசாரிகள் அழிக்க, அவன் உயிரை மாய்த்துக்கொள்கிறான். தனிமனித உரிமையே தலையாயது என்று வாதிட்ட எழுத்தாளர் அயன் ராண்டின் செல்வாக்கை பியர்ட் அப்போது வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். பூசாரிகளும் நாயகனும் மனிதர்களாக உருப்பெறாமல் கொள்கைகளின் ஒலிபெருக்கிகளாகவே நிற்பது இப்பாடலின் பெருங்குறை. ஆயினும், பேசுபவர் மாறும்போதெல்லாம் இசையும் மாறுவதற்கு இடம் தரும் அதன் கட்டமைப்பு, அதாவது பூசாரிகளுக்கு உச்சக்குரலும் நாயகனுக்குத் தணிந்த குரலும் என லீ தம் குரலைப் பிரித்துக்கொள்ள வழிவிடும் பகுப்பு, நாடகம் எழுதத் தெரிந்த ஒருவரின் கைவண்ணம் என்பதை மறுக்க இயலாது.

1980 முதல் 1984 வரையிலான நான்கைந்து ஆண்டுகளே இந்த நடையின் பொற்காலம். நெடுங்கதைகள் விலகின, சில நிமிடங்களுக்குள் ஒரு காட்சியை நிறுத்தும் சிக்கனம் வந்தது. ‘சப்டிவிஷன்ஸ்’ (1982) ஒரே மாதிரியான வீடுகள் அடுக்கப்பட்ட புறநகரையும், அங்கே ஒத்துப்போகாத இளைஞன் ஒதுக்கப்படுவதையும் சொல்கிறது; ‘2112’இன் அதே அடக்குமுறை, பூசாரிகள் இல்லாமல், பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் நிகழ்கிறது. அச்சத்தைப் பற்றிய மூன்று பாடல்களை பியர்ட் தலைகீழ் எண்வரிசையில், மூன்றாம் பகுதியை முதலில் வைத்து, வெளியிட்டதும் இக்காலத்தில்தான். 1981இல் வெறிகொண்ட கும்பலின் அச்சமாகவும், 1982இல் ஆள்வோர் கையிலெடுக்கும் ஆயுதமாகவும் தோன்றிய அது, 1984இல் ஒருவரின் உள்ளத்துக்குள்ளேயே வந்து குடியேறுகிறது. எழுதுபவருக்கும் பொருளுக்கும் இடையிலிருந்த தொலைவு குறைந்துவருவதை இந்த வரிசையே காட்டிவிடுகிறது.

1984இன் ‘ரெட் செக்டர் ஏ’ இங்கே தனிக் கவனத்துக்குரியது. நாஜி வதைமுகாம்களில் உயிர்பிழைத்தவர்களின் மகன் கெடி லீ. உலகில் தாங்கள் மட்டுமே எஞ்சியிருக்கக்கூடும் என்று முகாமில் இருந்தவர்கள் எண்ணியதாக அவருடைய தாயார் கூறிய நினைவு பாடலுக்கு விதையாயிற்று. காலத்தையும் இடத்தையும் பெயரிடாமல் எழுதிய பியர்ட்டின் விலகல், வேறொரு பாடலில் வறட்சியாகியிருக்கும். இங்கோ அழுகையை அடக்கிக்கொண்டு பேசும் ஒருவரின் குரலாகிறது. பிறர் வாய்க்கு எழுதும் ஏற்பாடு இதனினும் பொருத்தமான ஒரு வாயைக் கண்டடைந்ததில்லை.

1987 முதல் 1996 வரை வந்த தொகுப்புகளில் காட்சியை நிறுத்தும் அந்தச் சிக்கனம் தளர்ந்துவிடுகிறது. காலம், தற்செயல், ஆண்-பெண் உறவு என ஒவ்வொரு பொருளும் முதலில் ஒரு தலைப்பாக எடுக்கப்பட்டு, பிறகு சொல்லடுக்கால் விளக்கப்படுவதால், காட்சி இருக்கவேண்டிய இடத்தில் பண்புப்பெயர்கள் வந்து அமர்ந்துகொள்கின்றன. சொல் விளையாட்டில் திறமை குறையவில்லை. காதில் விழுந்தவுடன் நெஞ்சில் தைக்கும் உருவம்தான் குறைந்தது.

1997இல் மகளையும் 1998இல் மனைவியையும் இழந்த பியர்ட், மோட்டார் சைக்கிளில் நெடும்பயணம் சென்று, பின்னரே குழுவுக்குத் திரும்பினார். 2002இன் ‘வேப்பர் டிரெயில்ஸ்’ தொகுப்பில் அவருடைய எழுத்து முதன்முறையாக மறைப்பின்றித் துடிக்கிறது எனினும், துயரத்தைக்கூட விதியாக்கி விளக்க முனையும் பழைய பழக்கம் சில இடங்களில் அதன் சூட்டைத் தணித்துவிடுகிறது. ‘கோஸ்ட் ரைடர்’ பாடல் அதற்கு விலக்கு. சாலையும் வேகமும் திரும்பிப் பார்க்க அஞ்சும் மனமும் அங்கே விளக்கம் வேண்டாமல் நிற்கின்றன.

கடைசித் தொகுப்பான ‘கிளாக்வொர்க் ஏஞ்சல்ஸ்’ முழுக்க ஒரே கதையைச் சொல்வதால், நேர்க்கோட்டு முதிர்ச்சி என்னும் கருத்து இங்கே உடைந்துபோகிறது. ‘2112’ வெளிவந்து 36 ஆண்டுகளுக்குப் பின், எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தும் ஆட்சியாளன் மீண்டும் வருகிறான். இம்முறை அவன் கடிகாரம் செய்பவன். அவனை எதிர்க்கும் கலகக்காரனும் நாயகனை ஏமாற்றவே செய்கிறான் என்பதில்தான் இளம்வயது பியர்ட்டிடம் இல்லாத ஐயம் தெரிகிறது. பாத்திரங்கள் இன்னும் மெலிந்தவையே, உபதேசமும் முற்றிலும் நீங்கவில்லை. ஆனால் ‘2112’இன் நாயகன் தோல்வியில் உயிர்விட்டிருக்க, இவன் முதுமை எய்தி, வால்டேரின் ‘கேண்டீட்’ நாவலின் முடிவை நினைவூட்டும்படி, தோட்டம் ஒன்றைப் பேணுகிறான்.