முதலாளியின் சீட்டில் கடல் கடந்தவன்

கடல் கடந்து பொருளீட்டச் சென்ற தமிழனை நம் எழுத்தாளருள் ஒரு சாரார் வீரனென்று போற்றினர். மற்றொரு சாரார் அவன் துயரை எண்ணிக் கண்ணீர் சொரிந்தனர். அவன் யார் பணத்தில் கப்பலேறினான், யார் தயவில் வேலையில் நிலைத்தான், அவ்வேலை போனால் அவன் கதி யாது என்று கணக்குப் பார்த்த நூல்கள் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்றென நாம் மதிப்பது ப. சிங்காரம் எழுதி 1959இல் வெளிவந்த ‘கடலுக்கு அப்பால்’ என்னும் நாவல். பினாங்குத் தமிழர் இதனை இன்று மீண்டும் படித்தல் வேண்டும். காரணம் கூறுவோம்.

ஆசிரியர் பிறர் சொல்லக் கேட்டு எழுதியவரல்லர். 1920இல் சிங்கம்புணரியில் பிறந்து, 1938இல் சுமத்திராவிலுள்ள மேடான் நகரம் சென்று கடையில் வேலை பார்த்தவர். ஆகவே வட்டித்தொழிலின் உள்வாழ்வு அவர் எழுத்தில் இயல்பாக அமைந்துள்ளது. இன்று லிட்டில் இந்தியா என வழங்கும் பினாங்கு வீதிப் பகுதியில் அந்நாளில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. பெட்டியடிப் பையனாக வந்தவன் அடுத்தாளாவான், திறமையிருப்பின் மேலாளாவான். கப்பற் கட்டணம் முதலாளியுடையது, உண்பதும் உறங்குவதும் கிட்டங்கியிலேயே, தவணை மூன்றாண்டு. தவணை தீர்ந்து ஊர் சென்றவன் மீண்டும் வருவதும் முதலாளி மனம் வைத்தால்தான்.

கதை இதுவே: வானாயீனா என்னும் முதலாளியிடம் வேலை பார்த்த செல்லையா, யுத்த காலத்தில் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்கிறான். போர் முடிந்து திரும்பியவனுக்கு முதலாளியின் மகள் மரகதத்தின்பால் காதல் உண்டு, அவளுக்கும் உண்டு. ஆனால் துப்பாக்கி ஏந்தியவன் வட்டித்தொழிலுக்கு ஆகான் என்பது வானாயீனாவின் தீர்ப்பு. மரகதம் அவனுக்குக் கிட்டவில்லை.

இந்நூலின் சிறப்பு எங்குள்ளது? வானாயீனாவை ஆசிரியர் கொடியவனாக்கவில்லை. அவர் சிக்கனமானவர், உழைப்பாளி, மகள்மீது அன்புடையவர், தொழில் தர்மத்தை நம்புகிறவர். அத்தகைய நல்லவரின் கையில் ஒருவனுடைய சோறும், இருப்பிடமும், எதிர்காலமும், மணவாழ்வுங்கூட ஒருங்கே சிக்கிக் கிடக்கின்றன என்பதே கதையின் பயங்கரம். முதலாளியைக் கொடியவனாகத் தீட்டியிருந்தால், அவனை வைதுவிட்டு நாம் நிம்மதியாகப் புத்தகத்தை மூடியிருப்போம். சிங்காரம் அந்த நிம்மதியை நமக்கு அளிக்கவில்லை.

குறையும் உண்டு, அதனை மறைத்தல் விமரிசனமாகாது. இறுதியில் செல்லையாவின் துயரை ஆசிரியர் மனவலிமையென்னும் மருந்தால் ஆற்றுகிறார். அவ்வலிமை அழகியதே. ஆயினும், ஒருவன் மனத்தை அடக்கக் கற்றுக்கொண்டதால் அவனைக் கட்டிய கயிறு அறுந்துவிடுமா? அவனுக்குப்பின் அதே பெட்டியடியில் அமரப்போகும் பையனுக்கு இம்மருந்து என்ன செய்யும்? இவ்வினாவின் வாயில்வரை வந்த நாவல் உள்ளே புகாமல் திரும்பிவிடுகிறது.

தோட்டத்து வாசகர், “இது கடைக்காரர் கதை, எமக்கென்ன?” என்று தள்ளிவிட வேண்டா. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யை இதனருகில் வைத்துப் பார்க்க. அங்கே இலங்கைத் தேயிலைத் தோட்டம், ஆசை காட்டி ஆள் சேர்ப்போர், அகப்பட்டவள் மருதி. மலாயாவிலும் ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறையோ தொடர்ந்தது. 1938இல் இந்திய அரசு தடை விதித்தபின்னரே உதவிபெற்ற கூலிக் குடியேற்றம் நின்றது. அடுத்தாளும் கூலியும் படியில் வேறானவர். அவர்களைக் கட்டிய கயிறு ஒன்றே.

அக்கயிறு இன்று பெர்மிட் என்னும் பெயர் பூண்டிருக்கிறது. முடிதிருத்தகம், துணிக்கடை, நகைக்கடை ஆகியவற்றுக்கு 2009 முதல் நிறுத்தப்பட்டிருந்த அயல்நாட்டுத் தொழிலாளர் அனுமதி, 2023இல் 7,500 பேர் அளவுக்குத் திறக்கப்பட்டது. கடைக்காரர் மகிழ்ந்தனர், ஆளின்றித் தவித்தவர்க்கு அது நியாயமான மகிழ்ச்சியே. ஆனால் அப்பெர்மிட் ஒரு முதலாளியின் பெயரோடு பிணைந்தது. அவரை விட்டுத் தன்னிச்சையாக வேறு கடையில் கைவைத்தால் தொழிலாளி சட்டத்தின்முன் குற்றவாளி. ஊரில் ஏஜெண்டுக்காக வாங்கிய கடனோ வட்டியுடன் வளரும். இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பவன் கூலி குறைந்தாலும் வாய் திறப்பானா? பிறர் பாஸ்போர்ட்டைச் சட்ட அதிகாரமின்றி வைத்திருத்தல் 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதை அறிந்தவனாயினும், அதைத் திருப்பிக் கேட்கத் துணிவானா?

நல்ல முதலாளிகள் நம்மிடையே பலர் உளர். ஆனால் ஒருவன் வாழ்வு மற்றொருவன் நற்குணத்தை மட்டுமே நம்பி நிற்றல் ஆகாதென்பதே வானாயீனாவின் கதை நமக்குக் கற்பிக்கும் பாடம். கடை நடத்துவோர் இந்நூலை வாங்கித் தாமும் படித்து, தம்மிடம் வேலை செய்வோர்க்கும் கொடுப்பாராக. எழுதவல்ல இளைஞர்கள், சிங்காரம் திரும்பிய வாயிலிலிருந்து தொடங்குவாராக.