மணிமேகலை: அமுதசுரபியும் ஒரு பிடி கடுகும்

இலக்கிய மேடைகளிலே மணிமேகலையைப் பற்றிப் பேச வருவோர் பெரும்பாலும் இரண்டு செய்திகளையே சொல்லி அமர்ந்துவிடுகின்றனர். ஒன்று, அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி. மற்றொன்று, சமயக்கணக்கர் வாதமும் அளவை நூல் நுட்பமும். முன்னதைக் கேட்டு வியக்கிறோம். பின்னதைக் கேட்டுக் கொட்டாவி விடுகிறோம். வியப்பும் கொட்டாவியும் அன்றி, வீட்டிற்கு எடுத்துச் சென்று பயன்படுத்தத்தக்க பொருள் எதுவும் முப்பது காதை கொண்ட அக்காப்பியத்தில் இல்லையோ? இவ்வினாவை எழுப்பி விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு வீட்டில் இளம்பிள்ளை இறந்துபடுகிறது. துக்கம் கேட்க வந்தவர், "எல்லாம் போன பிறவியின் வினை" என்று சொல்லிவிட்டுப் போகிறார். ஒருவன் வேலையிழந்து பட்டினி கிடக்கிறான். அவனிடமும் அதே சொல் சொல்லப்படுகிறது. சொன்னவருக்கு அச்சொல் எளிது; கேட்டவருக்கோ அது புண்ணின்மேல் வைத்த மற்றொரு கல். இத்தகைய சொல்லுக்குப் புத்தர் பெருமானின் பெயரையும் மணிமேகலையின் பெயரையும் சான்றாகக் காட்டுவோர் உளர். ஆதலின் இஃது ஏட்டாராய்ச்சி மட்டும் அன்று. நமது அன்றாட வாழ்வைப் பற்றிய கேள்வியுமாம்.

முதற்கண் அளவுகோல் ஒன்றை வகுத்துக்கொள்வோம். புத்தர் உரைத்த நான்கு வாய்மைகள் ஒரு மருத்துவனின் முறையைப் பின்பற்றியவை. துன்பம் உண்டு, அதற்குக் காரணம் உண்டு, அக்காரணம் நீங்கினால் துன்பம் நீங்கும், நீக்கும் வழியும் உண்டு. மச்சிம நிகாயத்தில் மாலுங்கியபுத்தன் என்னும் துறவி, உலகம் நிலையானதா, முடிவுள்ளதா என்று புத்தரிடம் விடாது கேட்கிறான். நஞ்சு தோய்ந்த அம்பு தைத்தவன் ஒருவன், எய்தவன் எக்குலத்தான், எவ்வூரான், வில் எம்மரத்தால் ஆயது என்றெல்லாம் அறிந்த பின்னரே அம்பைப் பிடுங்க விடுவேன் என்றால், அவன் அறியுமுன்னே மாண்டுபோவான் என்பது புத்தர் அவனுக்கு அளித்த விடை. அம்பைப் பிடுங்க உதவுவது எதுவோ அதுவே தருமம். இந்த அளவுகோலைக் கொண்டே சாத்தனாரின் காப்பியத்தை நாம் அளந்து பார்ப்போம்.

காப்பியத்தின் தொடக்கத்திலேயே அம்பு ஒன்று பிடுங்கப்படுகிறது. கோவலன் கொலையுண்ட செய்தி கேட்ட மாதவி, அறவண அடிகளிடம் சென்று நால்வகை வாய்மையும் ஐவகைச் சீலமும் கேட்கிறாள். கேட்டவள் என்ன செய்தாள்? இந்திர விழாவில் ஆட வருமாறு தாய் சித்திராபதி ஆளனுப்பியபோது, தானும் வாராள், மகளையும் அனுப்பாள் என்று மறுத்தாள். கணிகையர் குலத்திற் பிறந்தவள் கணிகையாகவே வாழ வேண்டும் என்பது ஊரார் வழக்கு. குலத்தொழில் என்னும் அக்கட்டை அறுக்க ஒரு தாய்க்கு உதவியது மந்திரம் அன்று, மாயம் அன்று. கேட்ட அறத்தை அன்றே வாழ்வில் வைத்துப் பார்த்த துணிவு. பிறப்பே ஒருத்தியின் தொழிலை விதிக்கும் என்போருக்கு இக்காட்சியினும் சிறந்த விடை வேறு உண்டோ?

அடுத்துச் சாதுவன் கதையை நோக்குக. கணிகை வீட்டிலும் சூதாட்டத்திலும் பொருளையெல்லாம் தொலைத்தவன் அவன். கப்பல் உடைந்து நாகர் மலையில் ஒதுங்குகிறான். மனிதரைக் கொன்று தின்னும் அந்நாகரின் தலைவன், மொழியறிந்த அவனுக்கு நங்கையும் கள்ளும் ஊனும் தர முன்வருகிறான். சாதுவன் மறுத்து, கள்ளையும் கொலையையும் அறிந்தோர் விலக்கினர் என்று அறம் கூறுகிறான். கள்ளும் ஊனும் இன்றி நாங்கள் எங்ஙனம் வாழ்வது, எங்களுக்கு இயன்ற அறத்தைச் சொல் என்கிறான் தலைவன். இவ்விடத்தில் ஒரு போலிப் போதகன் என்ன செய்திருப்பான்? முழுத் துறவையும் அவன் தலையில் ஏற்றி, முடியாதென்றதும் அவனைப் பழித்துவிட்டுப் போயிருப்பான். சாதுவனோ, கலம் உடைந்து கரை சேரும் மனிதரின் உயிரைக் காப்பாற்று. மூத்துத் தாமே இறக்கும் விலங்குகளை அன்றி வேறு எவ்வுயிரையும் கொல்லாதே என்று இரண்டே சொன்னான். தலைவனும் அவற்றை ஏற்றான். கேட்பவன் நிற்கும் படியிலிருந்து அடுத்த படியைக் காட்டுவதே போதனை. குடியை விடச் சொல்வோரும், கோபத்தை அடக்கச் சொல்வோரும் இவ்வொரு காதையை ஊன்றிப் படிப்பாராயின் அவர்தம் சொல் ஊரிலே விலைபோகும் என்பது நமது துணிபு. சூதாடிக் கெட்டவன் வாயாலேயே புலவர் இதனைச் சொல்ல வைத்ததும் கருதத்தக்கது.

இனி அமுதசுரபிக்கு வருவோம். பசியைப் பிணியென்று கூறி, உணவு கொடுத்தோரை உயிர் கொடுத்தோராகப் போற்றிய பெருமை இக்காப்பியத்திற்கு உண்டு. அதனை யாரும் மறுக்க இயலாது. ஆயினும், குறையாத பாத்திரம் பசிக்கு மருந்தாகுமா? அப்பாத்திரம் நம் கையில் இல்லை. இனி வரப்போவதும் இல்லை. கதையைக் கேட்டுக் கைகூப்பிவிட்டுப் பசித்தவனை வாயிலில் நிறுத்துவதற்கே அது பயன்படுமாயின், அற்புதம் அறத்திற்குப் பகையாகிவிடும்.

இக்குறையைச் சாத்தனாரே உணர்ந்திருந்தார் போலும். ஆபுத்திரன் கையிற் பாத்திரம் இருந்தும், இந்திரன் பாண்டி நாட்டில் மழை பெய்வித்து வளம் பெருக்கியவுடன் அவனிடம் சோறு கேட்டு வருவார் எவரும் இல்லை. பன்னீராண்டுப் பஞ்சத்தை நிறுத்தியது பாத்திரம் அன்று, மழையும் விளைவுமே என்பது இதனால் பெறப்படவில்லையா? இந்திரன் பொறாமையால் செய்த செயலாகப் புலவர் இதனைச் சொல்கிறார். நாமோ, பசியின் காரணம் எங்கே உள்ளது என்பதைக் காப்பியம் தன்னை அறியாமலே சொல்லிவிட்ட இடம் இதுவென்போம். பின்னர் ஆபுத்திரன், பஞ்சத்தால் வாடிய சாவக நாட்டிற்குக் கப்பலேறுகிறான். வழியில் மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டு, உண்பார் இல்லாத தீவிலே பாத்திரத்தைப் பொய்கையில் விடுத்து உயிர் துறக்கிறான். சாவகம் என்பது சாவாத் தீவே என ஆராய்ச்சியாளர் பலர் கொள்வர். கடல்களுக்கு அப்பாலுள்ள ஒரு நாட்டின் பசியும் தமிழ்ப் புலவருக்குத் தன் பசியாகத் தோன்றியது என்பதே, பாத்திரத்தின் அற்புதத்தைவிட நம்மைத் தொடும் செய்தி.

பாத்திரத்தால் மணிமேகலை செய்த செயல்களுள்ளும் மேலானது பாத்திரம் தேவைப்படாத செயலே. சிறையிலிருந்தோர்க்குச் சோறிட்ட அவளிடம் என்ன வேண்டும் என்று அரசன் கேட்கிறான். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்கு என்று அவள் கேட்கிறாள், அவனும் ஆக்குகிறான். அஃது ஓர் அரசாணையால் நடந்தது. அரசாணையால் நடக்கக்கூடியதற்கு அற்புதம் வேண்டியதில்லை.

துயரத்தைக் காப்பியம் கையாளும் வகையில்தான் நமக்குப் பெருத்த மாறுபாடு உண்டு. மகன் சார்ங்கலன் சுடுகாட்டிலே அஞ்சி உயிர்விட, தாய் கோதமை சம்பாபதித் தெய்வத்திடம் முறையிடுகிறாள். போன உயிரை மீட்க இயலாதென்று காட்டத் தெய்வம் சக்கரவாளத்துத் தேவர் அனைவரையும் அழைத்துச் சான்று சொல்லச் செய்கிறது. அதன் பின்னரே தாய் தேறி மகனைச் சுடலையில் இடுகிறாள்.

இதே போன்ற பெயருடைய தாயொருத்தி பாலி உரைநூல்களிலும் வருகிறாள். கிசா கோதமி என்பாள் இறந்த குழந்தையை இடுப்பிற் சுமந்து மருந்து கேட்டு அலைகிறாள். புத்தர் அவளைக் கடுகு கொண்டுவரச் சொல்கிறார். சாவு நேராத வீட்டுக் கடுகாக இருத்தல் வேண்டும் என்பதே கட்டளை. கடுகு எல்லா வீட்டிலும் உண்டு. சாவும் எல்லா வீட்டிலும் உண்டு. வீடு வீடாக நடந்து, பிறர் துயரைப் பிறர் வாயாலேயே கேட்டு, அவள் தானே தெளிகிறாள். ஒரு பக்கம் தேவர் கூட்டம். மறுபக்கம் ஒரு பிடி கடுகு. துயருற்ற ஒருத்திக்கு நாம் எதனைப் பரிந்துரைப்போம்? தேவரை அழைக்க நம்மால் ஆகாது. அடுத்த வீட்டுக் கதவைத் தட்டச் செய்ய நம்மால் ஆகும். இவ்விடத்தில் தமிழ்க் காப்பியம் தோற்றது என்று சொல்ல நாம் தயங்கமாட்டோம்.

உதயகுமரனை இழந்த அரசமாதேவிக்கு மணிமேகலை கூறும் மொழியில் வெற்றியும் தோல்வியும் அருகருகே நிற்கின்றன. தன்னைக் கொல்லவே முயன்றவள் மீதும் சினவாது, உன் துயர் உடலைப் பற்றியதாயின் அதனைச் சுடுகாட்டிற்கு விடுத்தோர் நீங்களே. உயிரைப் பற்றியதாயின் எல்லா உயிர்க்கும் இரங்குதல் வேண்டும் என்று அவள் கூறுவது உயர்ந்த மருந்து. தன் மகனுக்காக மட்டும் அழுத கண்ணை உலகின் பக்கம் திருப்புகிறது அது. ஆயின் அதனோடு நில்லாது, முற்பிறப்பில் மடைத்தொழிலாளன் ஒருவனைக் கொன்ற வினையே உதயகுமரனை வாளால் வெட்டுண்ணச் செய்தது என்ற கணக்கும் விரிக்கப்படுகிறது. வெட்டியவன் காஞ்சனன். வெட்டியதற்குக் காரணம் அவனது பொறாமையும் ஆராயாத சினமும். சினத்தை நீக்க வழியுண்டு. முற்பிறப்பின் கணக்கை இப்பிறப்பில் யார் திருத்துவது?

மறுபிறப்பும் வினைப்பயனும் பௌத்த நூல்களிலேயே உள்ளனவே, அவற்றைத் தள்ளிவிட்டுப் பௌத்தம் பேசலாமோ என்று கற்றோர் கேட்பர். கேள்வி நியாயமானதே, அவை உள்ளன என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் சம்யுத்த நிகாயத்தில் சீவகன் என்னும் துறவி, மனிதர் நுகரும் இன்ப துன்பம் யாவும் முன்செய்த வினையாலேயே வருகின்றன என்போரைப் பற்றிக் கேட்டபோது, புத்தர் உரைத்த விடையையும் கற்றோர் மறைத்தல் ஆகாது. பித்தத்தாலும் சிலேட்டுமத்தாலும் வாயுவாலும், இம்மூன்றன் கலப்பாலும், பருவ மாறுதலாலும், உடலைப் பேணாமையாலும், பிறர் தாக்குதலாலும் துன்பம் வரும். வினையும் ஒரு காரணம். எல்லாம் முன்வினையே என்போர் உலகறிந்த உண்மையைக் கடந்து பேசுகின்றனர் என்பது அவ்விடை. எட்டுக் காரணங்களில் ஏழினை விட்டுவிட்டு ஒன்றனை மட்டும் ஏழையின் வாயிற்படியில் வைப்பது எந்தப் பௌத்தம்?

இக்கேள்வியின் வரலாறும் சிறிது நினைக்கத்தக்கது. உ. வே. சாமிநாதையர் மணிமேகலையை அச்சிட்டு வெளியிட்டது 1898ஆம் ஆண்டில். அதே ஆண்டிலேதான் அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். ஒருவர் ஏட்டை மீட்டார். மற்றவர் சாதியால் தாழ்த்தப்பட்டோரின் அன்றாட இழிவைத் துடைக்க அத்தருமத்தைக் கையிலெடுத்தார். 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பௌத்தம் தழுவிய அம்பேத்கர், 1957இல் வெளிவந்த தமது 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலில், முற்பிறப்பின் வினையைக் காட்டி இன்றைய வறுமைக்கு விளக்கம் கூறுவது சமூகம் தன் பொறுப்பினின்று தப்புவதற்கே உதவும் என்ற கருத்தை வற்புறுத்தினார்.

ஆகவே மணிமேகலையைத் தள்ளுக என்பதன்று நமது முடிவு. பகுத்துப் படிக்க என்பதே. மாதவியின் மறுப்பையும், சாதுவனின் இரண்டு சொற்களையும், சிறையைத் திறந்த வேண்டுகோளையும் நாம் எடுத்துக்கொள்வோம். தேவர் கூட்டத்தையும் பிறவிக் கணக்கையும் ஏட்டிலேயே விட்டுவைப்போம். அடுத்த முறை துக்க வீட்டிற்குச் செல்லும்போது வினையைப் பற்றிப் பேசாமல், அழுகின்றவரின் அருகில் அமர்ந்து, நம் வீட்டிலும் இவ்வாறு நேர்ந்ததென்று சொல்வோமாயின், கடுகு தேடி நடந்த தாய்க்கு ஒரு வாயிற்கதவைத் திறந்தவர் ஆவோம்.