59 விநாடிகள்

பக்ஸில்லாவின் மூலநிரலில், ‘இன்ஸ்டால்’ என்ற ஃபோல்டருக்குள் ‘டிபி’ என்று ஒரு பெர்ல் கோப்பு உண்டு. நிரல் படிப்பதில் ருசி உள்ளவர்கள் எதைப் படிக்கலாம் என்று கேட்டால் நான் முதலில் கைகாட்டுவது அதைத்தான். அசரவைக்கும் அல்காரிதம் எதுவும் அதில் கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு டேட்டாபேஸின் ஸ்கீமாவைப் பல ஆண்டுகளாகப் பல கைகள் மாற்றிக்கொண்டே வந்த வேலை மட்டும் இருக்கிறது. ஆனால் அந்த வேலையில் இருக்கும் அக்கறையைப் போல் நான் வேறெங்கும் அதிகம் பார்த்ததில்லை.

நெட்ஸ்கேப்பில் இருந்த டெர்ரி வைஸ்மன் 1998இல் மோசில்லா திட்டத்துக்காக உருவாக்கியது பக்ஸில்லா. முதலில் டிசிஎல் மொழியில் எழுதப்பட்டு, பிறகு பெர்லுக்கு வந்தது. மென்பொருள் பிழை ஒவ்வொன்றையும் பதிந்துகொண்டு, அது யார் கையில் இருக்கிறது, எந்த நிலையில் நிற்கிறது என்று தொடர்வதுதான் அதன் தொழில். புதிய பதிப்பைப் போடும்போதெல்லாம் நிர்வாகி ‘செக்செட்டப்’ என்ற நிரலை ஓட்டுவார். அது இந்தக் கோப்பில் மேலிருந்து கீழே இறங்கி, அவரிடம் இருக்கும் டேபிள்கள் எவ்வளவு பழையவையானாலும் இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

கோப்பைத் திறந்ததும் கண்ணை இழுப்பவை குறிப்புகள். பலவற்றில் தேதி, மாற்றியவரின் மின்னஞ்சல், பக் எண், என்ன மாற்றம் என்று ஒரு வரி. 2002 ஆகஸ்ட் 12 தேதியிட்ட குறிப்பு பக் 43600ஐச் சொல்கிறது: புராடக்ட், காம்பொனென்ட் இரண்டுக்கும் இனி எண்ணே அடையாளம். அதுவரை புராடக்டின் பெயர்தான் அடையாளமாக இருந்தது. ஒவ்வொரு பிழையின் வரிசையிலும் அந்தப் பெயர் எழுத்தெழுத்தாக உட்கார்ந்திருக்கும். பெயரைத் திருத்த நினைத்தால், அது இடம்பெற்ற டேபிள் அத்தனையையும் திருத்த வேண்டும். இந்த மாற்றத்தைக் கேட்ட டிக்கெட் பதிவானது மோசில்லாவின் பக்ஸில்லாவிலேயே. தான் கோரிய மாற்றத்துக்குத் தானும் உட்பட்ட ஒரு வரிசை அது! பிழை தொடரும் கருவியையும் ஸ்கீமா மாற்றத்தையும் இவ்வளவு இறுக்கமாகப் பின்னிய வேறொரு முடிச்சை நான் கண்டதில்லை.

குறிப்பில் வரும் பக் எண்ணுக்கு என்ன மதிப்பு என்பது பத்து வருடம் ஓடிய சிஸ்டத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். டேபிளில் ஒரு நெடுவரிசை இருக்கும். எதற்கென்று ஒருவருக்கும் தெரியாது. நீக்கவும் துணிச்சல் வராது. ஸ்கீமாவை மாற்றும் மைக்ரேஷன் கோப்பு முடிவை மட்டுமே சொல்லும். யார் கேட்டார், யார் மறுத்தார், எந்த வழியை யோசித்துக் கைவிட்டார்கள் என்பதெல்லாம் டிக்கெட்டில் கிடக்கும். ஆனால் எண் மட்டும் போதாது என்பதில் நான் பிடிவாதக்காரன். நிறுவனங்கள் டிக்கெட் கருவியை மாற்றும், பழைய சர்வரை ஒருநாள் அணைத்துவிடும். அப்புறம் அந்த எண் எதையும் சுட்டாது. எண்ணோடு விஷயத்தையும் ஒரு வாக்கியத்தில் எழுதிவைத்த பக்ஸில்லாக்காரர்களை அதற்காகவே வணங்கத் தோன்றுகிறது.

எந்த மாற்றம் நடந்தது, எது நடக்கவில்லை என்று கணக்கு வைப்பதிலும் அவர்கள் வழி தனி. ரூபி ஆன் ரெயில்ஸ் ஆரம்பத்தில் மைக்ரேஷன்களுக்கு 001, 002 என்று வரிசை எண் போட்டது. இரண்டு பேர் இரண்டு கிளைகளில் ஒரே எண்ணைப் போட்டுக்கொண்டு வந்து மோதுவார்கள். 2008இல் வந்த 2.1 பதிப்பு அதை விட்டு நேர முத்திரைக்கு மாறியது. ஃப்ளைவே என்ற மைக்ரேஷன் கருவி, ஓடிய கோப்புகளின் பட்டியலைத் தனி டேபிளில் வைத்து, கூடவே செக்சம்மையும் எழுதிக்கொள்கிறது. ஓடி முடிந்த கோப்பில் யாராவது கைவைத்தால் அடுத்த சரிபார்ப்பில் பிடிபடுவார். இவை நல்ல ஏற்பாடுகள்தான், நானும் அவற்றைத்தான் பயன்படுத்துகிறேன். பக்ஸில்லாவிலோ ஒவ்வொரு படியும் தனக்கான கேள்வியைத் தானே கேட்கிறது. இந்த நெடுவரிசை இருக்கிறதா? இல்லையென்றால் சேர். பழையது இன்னும் நிற்கிறதா? நின்றால் மாற்று. எல்லாம் ஏற்கெனவே சரியாக இருந்தால் சத்தமில்லாமல் அடுத்த படிக்குப் போ.

இதற்குக் காரணம் இருக்கிறது. பக்ஸில்லா வளர்ந்தது மைஎஸ்க்யூஎல்லில். அங்கே ‘ஆல்டர் டேபிள்’ ஓடிய கணமே கமிட் ஆகிவிடும். போஸ்ட்கிரெஸ் போல ஸ்கீமா மாற்றத்தையும் ஒரு டிரான்சாக்ஷனுக்குள் கட்டி, பாதியில் தடைப்பட்டால் மொத்தத்தையும் திரும்பப் பெற முடியாது. மின்சாரம் போனால் பாதி பழையது, பாதி புதியது என்று டேட்டாபேஸ் நிற்கும். அந்த நிலையிலும் மறுபடி ஓட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும் என்றால், பார்த்துப் பார்த்துச் செய்வதே வழி.

2000 ஜனவரி 20 தேதியிட்ட பகுதிக்கு இப்போது வருகிறேன். இந்தக் கோப்பின் உச்சம் அதுதான்.

அதற்கு முன்பு ஒரு பிழையைப் பற்றி எத்தனை பேர் எத்தனை கருத்துச் சொன்னாலும், அவ்வளவும் ஒரே நெடுவரிசையில் ஒரே நீண்ட உரையாகச் சேர்ந்துகொண்டே போகும். இடையிடையே, இன்னார் இன்ன நேரத்தில் சொன்னது என்று கோடுகளுக்கு நடுவே ஒரு தலைப்பு வரி. புதிய வடிவத்தில் ஒவ்வொரு கருத்தும் தனி டேபிளில் தனி வரிசையாக வேண்டும். டேபிளை உருவாக்குவது ஒரு நிமிட வேலை. ஏற்கெனவே குவிந்து கிடக்கும் உரையை என்ன செய்வது? நிரல் அதை வரி வரியாகப் படித்து, தலைப்பு வரியைக் கண்ட இடத்தில் வெட்டி, பெயரையும் நேரத்தையும் பிரித்தெடுக்கிறது. எழுதியவரே குறிப்பில் இந்த நிரலை அவலட்சணம் என்கிறார். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அவர் சந்தித்த சிக்கலைப் பாருங்கள். பிழை பதிவான நேரம் விநாடி வரை துல்லியம். உரைக்குள் இருக்கும் கருத்துகளின் நேரமோ நிமிடத்தோடு நின்றுவிடும். 10:15:40க்குப் பிழையைப் பதிந்து, 10:15:50க்கு ஒருவர் பதில் சொன்னால், பதிலின் நேரம் 10:15 என்று மட்டும் இருக்கும். அப்படியே எடுத்துக்கொண்டால் பதில் கேள்விக்கு முன்னால் போய் நிற்கும். அதனால் ஒவ்வொரு கருத்தின் நேரத்தோடும் 59 விநாடியைக் கூட்டுகிறார். எந்தக் கருத்தும் தன் நிமிடத்தின் கடைசியில் நடந்ததாகவே கொள்ளப்படும், வரிசை பிறழாது. அப்படியும் முந்தைய கருத்துக்கு முன்னால் விழும் நேரத்தோடு ஒரு தலைப்பு வரி வந்தால், அதைத் தலைப்பாக ஏற்பதில்லை. முந்தைய கருத்தின் பகுதியாகவே விட்டுவிடுகிறார்.

கருத்துச் சொன்னவரின் கணக்கு இப்போது இல்லையென்றால்? பெயர் மாறியிருக்கலாம், ஆள் போயிருக்கலாம். கருத்தைத் தூக்கி எறிவதோ வேறொருவர் தலையில் கட்டுவதோ கிடையாது. அந்தப் பெயரில் ஒரு கணக்கை உருவாக்கி, யாரும் உள்ளே நுழைய முடியாதபடி முடக்கி, டேட்டாபேஸின் ஒழுங்கு கெடாதிருக்க மட்டும் உருவானது என்று அதிலேயே எழுதி வைக்கிறார். முன்பின் அறியாத யாரோ ஒருவர் ஏதோ ஒரு பிழையைப் பற்றிச் சொன்ன இரண்டு வரி அவர் பெயரிலேயே நிற்கட்டும் என்று மெனக்கெடுவதற்குப் பெரிய மனது வேண்டும். ஸ்கீமா மாற்றம் என்றால் நெடுவரிசையைச் சேர்ப்பதோடு முடிந்தது, பழைய தகவலைப் பிறகு யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று நினைக்கும் எல்லோரும் படிக்க வேண்டிய பகுதி இது.

வேலையின் வரிசையும் கச்சிதம். பழைய நெடுவரிசை இருக்கிறதா என்று பார்ப்பது முதல் படி. இருந்தால், புதிய டேபிளில் என்ன இருந்தாலும் துடைத்துவிட்டு ஆரம்பத்திலிருந்து நிரப்புகிறது. எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று நிர்வாகியின் திரையிலும் காட்டிக்கொண்டே வரும். எல்லாம் ஏறி முடிந்த பிறகே பழைய நெடுவரிசையை நீக்குகிறது. அந்த நெடுவரிசை இருப்பதுதான் வேலை முடியவில்லை என்பதற்கு அடையாளம். தனியாக ஒரு கொடியோ எண்ணோ தேவைப்படவில்லை. நடுவில் எத்தனை முறை அறுந்தாலும் மூல உரை பத்திரமாக இருக்கும், மறுபடி ஓட்டினால் போதும். நீக்கிய பிறகு செக்செட்டப்பை எப்போது ஓட்டினாலும் இந்தப் பகுதியை அப்படியே தாண்டி, அடுத்த தேதிக்கும் அடுத்த பக் எண்ணுக்கும் இறங்கிவிடும்.