வட்டமா, கோடா? – வீட்டு ரயிலின் பாதை வடிவம்

வீட்டில் மாதிரி ரயில் அமைக்க விழைவோர் எஞ்சினையும் பெட்டிகளையும் தேர்ந்தெடுப்பதில் காட்டும் சிரத்தையில் பாதியைக்கூட அவை ஓடவேண்டிய பாதையின் வடிவத்தில் காட்டுவதில்லை. கடையில் வாங்கும் தொகுப்பில் வளைந்த தண்டவாளங்களே மிகுந்திருப்பதால், நீள்வட்டம் யாரும் யோசியாமலே அமைந்துவிடுகிறது.

நீள்வட்டத்தின் அனுகூலங்கள் அற்பமானவையல்ல. விசையைத் திருகிவிட்டால் வண்டி இடையறாது ஓடும், குழந்தைகள் குதூகலிப்பர், மின்னிணைப்பிலும் சிக்கலில்லை. ஆயினும், 'ஹெச்.ஓ.' எனப்படும் 1:87 அளவில் சிறிய வளைவுக்கே 18 அங்குல ஆரம் வழக்கமாதலால், மேசை ஏறக்குறைய 4 அடி அகலம் கோருகிறது. அதைச் சுவரோடு ஒட்டிப் போட்டாலோ, அப்புறத்தில் தடம்புரண்ட பெட்டியை எடுக்கக் கை எட்டுவதில்லை. இத்தனை இடத்தையும் கொடுத்த பின்னர், வண்டி செக்குமாடுபோல் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறது.

ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்லும் கோட்டுப் பாதைக்குத் தருமபுரிப் பிரதேசத்தின் சரித்திரம் நமக்கு நல்லதோர் உதாரணம். சென்னை–சேலம் அகலப் பாதையிலுள்ள மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு இரண்டரை அடி அகலமுள்ள குறுகிய இருப்புப் பாதை 1906-இல் திறக்கப்பெற்று, 1913-இல் ஓசூர்வரை நீண்டு, உலக யுத்த காலத்தில், 1941-இல், மூடப்பட்டது. மொரப்பூர்–தருமபுரிக்கு 2019-இல் அடிக்கல் நாட்டப்பெற்ற புதிய பாதையின் நீளம் 36 கிலோமீட்டர். அதனை 1:87 அளவில் சுருக்கினாலும் 410 மீட்டருக்கு மேலாகும். எவ்வீட்டிலும் முழுப் பாதை அடங்காதென்பது பிரத்தியட்சம். ஆகவே வடிவத்தைத் தேர்தல் என்பது எதை விட்டுவிடுவது என்று தீர்மானித்தலே: வட்டம் ஊரைக் கைவிட்டு ஓட்டத்தைக் காக்கிறது, கோடு ஓட்டத்தைக் கைவிட்டு ஊரைக் காக்கிறது.

இரு சுவர்களை ஒட்டி, ஒன்றரை அடி அகலப் பலகையில், ஒரே மூலையில் திரும்பும் பாதையமைத்தால், ஒரு முனையில் அகலப் பாதை வண்டியிலிருந்து குறுகிய பாதை வண்டிக்குச் சரக்கு மாற்றும் மொரப்பூரும், மறுமுனையில் தருமபுரியும் இடம்பெறும். இரண்டரை அடி, 1:87-இல் ஏறத்தாழ 9 மில்லிமீட்டராகச் சுருங்குவதால், 'என்' எனப்படும் இன்னும் சிறிய மாதிரி அளவுக்கென விற்கும் தண்டவாளமே பொருந்தும். மூலை வளைவுக்குப் பத்தங்குல ஆரமும் போதும். குறையும் உண்டு: பிரயாணம் சில விநாடிகளில் முடியும், ஒவ்வொரு முறையும் எஞ்சினைக் கழற்றிப் பக்கத் தடத்தின் வழியே வண்டியின் மறுமுனைக்குக் கொண்டுவர வேண்டும். இரு முனைகளிலும் கண்ணிபோல் வளைத்துத் திருப்பிவிடலாமே எனின், அங்கு இடப்புறத் தண்டவாளம் வலப்புறத்ததோடு கூடி 'ஷார்ட் சர்க்யூட்' விளையுமாதலால், மின்னிணைப்பைப் பிரித்தமைக்கும் ஞானமும் வேண்டும்.

சிறு குழந்தையின் களிப்பே பிரதானமெனில் நீள்வட்டமே உசிதம். ஆனால் தம்மூர் ரயிலைத் தம் வீட்டில் காண விரும்புவோர், வண்டி வாங்குமுன் இரு ஊர்களைத் தேர்ந்துகொண்டு, அவற்றினிடையே ஒரு கோட்டை இடுவாராக.