பரணில் இருந்த மூட்டை

தோஃபன் சிங் எதிர் தமிழ்நாடு அரசு தீர்ப்பைப் பெண்ணிய வாசிப்புக்கு உரியதென்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. மேல்முறையீடு செய்தவர் ஓர் ஆண். 2004 அக்டோபரில் சென்னையில் மத்திய போதைப்பொருள் தடுப்புப் பிரிவு ஐந்து கிலோவுக்கு மேல் ஹெராயினைப் பிடித்தது; அது இலங்கைக்குப் போகவிருந்த சரக்கு என்றது அரசுத் தரப்பு. பத்தாண்டுத் தண்டனைக்கு முக்கிய ஆதாரம், 67ஆம் பிரிவின்கீழ் அதிகாரிகள் எழுதி வாங்கிய வாக்குமூலம். அப்படி வாங்கியதை ஒப்புதல் வாக்குமூலமாகக் கொள்ளலாமா என்ற கேள்வி 2013இல் பெரிய அமர்வுக்குப் போனபோதே அவர் தண்டனையின் பெரும்பகுதியைச் சிறையில் கழித்துவிட்டார். பதில் வந்தது 2020 அக்டோபர் 29இல்.

கொள்ளக்கூடாது என்றார்கள் நீதிபதிகள் நாரிமனும் நவீன் சின்ஹாவும். போதைப்பொருள் சட்டத்தில் புலனாய்வு அதிகாரம் பெற்றவரும் போலீஸ் அதிகாரியே. அவரிடம் கொடுத்த ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது. அமர்வில் இருந்த ஒரே பெண் நீதிபதி இந்திரா பானர்ஜி மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார். இதைச் சொன்னதும் சில தோழிகள் முகம் சுளித்தார்கள். பெண் நீதிபதி என்றால் இரக்கத்தின் பக்கம்தான் நிற்கவேண்டும் என்று நாமே எதிர்பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

எனக்கு உறுத்தியது வேறு. மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் போதைப்பொருள் வழக்குகளுக்கென்று சிறப்பு நீதிமன்றம் இருக்கிறது. தென்மாவட்டங்களின் கஞ்சா வழக்குகள் பல இங்கேதான் நடக்கின்றன. மேல்முறையீடு ஒத்தக்கடைப் பக்கம், உயர்நீதிமன்றக் கிளைக்குப் போகும். ஆந்திராவிலிருந்து வரும் மூட்டைகளில் ஒரு பகுதி ராமநாதபுரம் கடற்கரை வழியாக இலங்கைக்குப் போகிறது. வழியில் அது எங்காவது ஓரிரவு தங்கவேண்டும். ஒரு வீட்டின் பரணில், அரிசிப் பானைக்குப் பின்னால். போலீஸ் வரும்போது அந்த வீட்டில் இருப்பவள் யார் என்று யோசித்துக்கொண்டே தீர்ப்பை மறுபடி வாசித்தேன்.

அவளைப் பிடிப்பது பெரும்பாலும் மாநிலப் போலீஸ். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாது என்ற விதி வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே இருக்கிறது. 2024 ஜூலையில் சாட்சியச் சட்டத்தின் பெயரும் பிரிவு எண்ணும் மாறியபோதும் விதி மாறவில்லை. ஆக, இவ்வளவு கொண்டாடப்பட்ட தீர்ப்பு அவளுக்குப் புதிதாக எதையும் தரவில்லை. அவளைச் சிக்கவைப்பது அவள் வாயிலிருந்து வந்த சொல் அல்ல, வீடுதான்.

25ஆம் பிரிவைப் பாருங்கள். வீட்டின் உரிமையாளரோ, குடியிருப்பவரோ, குற்றத்துக்கு அதைப் பயன்படுத்தத் தெரிந்தே அனுமதித்தால் அந்தக் குற்றத்துக்குரிய தண்டனையே அவருக்கும். இருபது கிலோவுக்கு மேல் கஞ்சா என்றால் குறைந்தது பத்தாண்டு, ஒரு லட்சம் அபராதம். ஜாமீனுக்கும் 37ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். அனுமதித்தாள் என்கிறது சட்டம். கொண்டுவந்தவன் கணவனாகவோ மகனாகவோ இருக்கும் வீட்டில், "இது இங்கே வேண்டாம்" என்று சொல்ல அவளுக்கு என்ன இடம் இருந்தது? சொல்லியிருந்தால் அன்றிரவு என்ன நடந்திருக்கும்? இதைச் சட்டம் கேட்பதில்லை. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ரேஷன் அட்டையில் மூத்த பெண்ணே குடும்பத் தலைவி. அதற்காக நாம் மகிழ்ந்தோம், மகிழ்ந்ததில் தவறும் இல்லை. ஆனால் அரிசி வாங்க உதவிய அந்த அட்டையையே, வீடு அவள் பொறுப்பில் இருந்ததற்குச் சான்றாகவும் நீட்டமுடியும்.

தெரியாது என்று சொல்லலாமே என்பீர்கள். 35ஆம் பிரிவு குற்றமனத்தை முன்கூட்டியே அனுமானித்துக்கொள்கிறது. இல்லை என்று அவள்தான் நிரூபிக்கவேண்டும், அதுவும் சந்தேகத்துக்கு இடமின்றி. அரசுத் தரப்பு அடிப்படை உண்மைகளை முதலில் நிறுவவேண்டும் என்று 2008இல் நூர் ஆகா வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது பெரிய ஆறுதல். ஆனாலும் ஒன்றைத் தெரியாமல் இருந்ததற்கு யாரைச் சாட்சிக்கு அழைப்பது? பக்கத்து வீட்டுக்காரியையா?

பெண்ணை மனதில் வைத்து எழுதிய பிரிவும் உண்டு. பெண்ணைப் பெண்தான் சோதிக்கவேண்டும் என்கிறது 50(4). நல்லது. ஆனால் அந்தப் பிரிவு உடல் சோதனைக்குத்தான், கைப்பைக்கு அல்ல என்று 2005இல் பவன்குமார் வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. மாட்டுத்தாவணியில் கட்டைப்பையோடு இறங்குகிறவளின் சேலைக்குக் கிடைக்கும் மரியாதை பைக்குக் கிடையாது. பரணுக்கு எப்படிக் கிடைக்கும்?

அதிகாரியின் அறையில் தனியாக அமர்த்தப்பட்டவனிடம் வாங்கும் சொல்லை நம்பமுடியாது என்பதைத் தோஃபன் சிங் தீர்ப்பு பொறுமையாக, பக்கம் பக்கமாக விளக்குகிறது. அதே பொறுமையோடு "அனுமதி" என்ற சொல்லையும் யாராவது பிரித்துப் பார்க்கவேண்டும். கிளையில் வாதாடும் தோழிகளிடம் நான் கேட்பது இதுதான்: அடுத்த மேல்முறையீட்டில், வீட்டில் யார் பேச்சு எடுபட்டது, மூட்டை வந்த இரவில் கதவைத் திறந்தது யார், மறுத்திருந்தால் அவள் எங்கே போயிருப்பாள் என்பவற்றையும் வாதக் குறிப்பில் எழுதுங்கள்.