ராபர்ட் மூஸிலை ரசிக்கும் வழி

அடுத்து என்ன நடக்கப்போகிறது என்ற ஆவலையே நாவல் வாசிப்பின் ஜீவனாகக் கொண்டு பழகிய நமக்கு, ஆஸ்திரிய நாவலாசிரியர் ராபர்ட் மூஸிலின் 'குணங்களற்ற மனிதன்' என்னும் பெருநூல் முதல் சில அத்தியாயங்களிலேயே ஆயாசத்தை உண்டுபண்ணுவது இயல்புதான். சம்பவங்களைத் தேடிச் செல்லும் கண்ணுக்கு, அந்த நூலில் சிந்தனையே சம்பவமாக நடந்துகொண்டிருக்கிறது என்பது எளிதில் புலப்படுவதில்லை. அது புலப்பட்டுவிட்டால், இருபதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய நாவல்களில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கவை மிகச் சில என்பதை வாசகர் தாமே உணர்ந்துகொள்வார்.

மூஸில் எத்தகைய பயிற்சியில் உருவானவர் என்பதை அறிந்துகொண்டு அவரை அணுகுவது பெரும் உபகாரமாக இருக்கும். 1880 நவம்பர் 6ஆம் தேதி கிளாகன்ஃபுர்ட் நகரில் ஒரு பொறியாளரின் புதல்வராகப் பிறந்து, பால்யத்திலேயே ராணுவப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டு, பின்னர் தந்தை பேராசிரியராக இருந்த புரூன் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரவியல் கற்று, ஸ்டுட்கார்ட்டில் சிறிது காலம் உதவியாளராகப் பணியாற்றி, அதிலும் மனம் லயிக்காமல் பெர்லினுக்குச் சென்று தத்துவமும் உளவியலும் பயின்று, 1908இல் பௌதிக அறிஞர் எர்ன்ஸ்ட் மாஹின் கொள்கைகளை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றவர் அவர். நிறங்களைப் பற்றிய உளவியல் பரிசோதனைக்காக ஒரு சுழல் கருவியையும் அமைத்தார். இவ்வளவு விஞ்ஞான சிட்சை பெற்ற ஒருவர் இலக்கியத்துக்கு வரும்போது அளவுகோலை வாசலிலேயே வைத்துவிட்டு வருவார் என்று நாம் எதிர்பார்க்கிறோம். மூஸிலோ அதைக் கையிலேயே ஏந்திக்கொண்டு வந்து, அதுவரை யாரும் அளக்கத் துணியாத உணர்ச்சிகளின்மீது வைத்துப் பார்த்தார். துல்லியத்துக்கும் ஆத்மாவுக்கும் பகையில்லை என்ற இந்த ஒரே நம்பிக்கைதான் அவர் எழுத்து முழுவதையும் தாங்கி நிற்பது.

ஆகையால் புதிய வாசகர் பெருநூலை முதலில் எடுக்க வேண்டாம். 1936இல் வெளிவந்த சிறுகட்டுரைத் தொகுதியில் ஈப்பிடிக்கும் பசைத்தாளைப் பற்றிய, இரண்டே பக்கங்கள் கொண்ட ஒரு சித்திரம் இருக்கிறது; அதிலிருந்து தொடங்கலாம். தாளின் நீளம் சுமார் 36 சென்டிமீட்டர், அகலம் 21 சென்டிமீட்டர் என்று கடைக்காரர் கணக்கைப்போல ஆரம்பித்து, அதில் வந்து அமரும் ஈ ஒன்று எவ்வாறு முதலில் கால்களை மட்டும் இழந்து, நிமிர்ந்து நின்று, பலத்தைத் திரட்டி, களைத்து, மீண்டும் முயன்று, கடைசியில் பக்கவாட்டில் சாய்கிறது என்பதை அவர் படிப்படியாகச் சொல்லிக்கொண்டு போகிறார். பரிதாபம் என்ற சொல்லுக்கு அங்கே இடமே இல்லை. வாசகர் கவனிக்க வேண்டியது, அந்த நிதானமான அளவீடுகளே எந்த வரியிலிருந்து நம் மூச்சை அடைக்கத் தொடங்குகின்றன என்பதைத்தான். இதை இரண்டு முறை படித்து அந்த இடத்தைக் கண்டுகொண்டவர் மூஸிலின் கலையைப் பாதி அறிந்துவிட்டார் என்றே சொல்லலாம்.

அடுத்ததாக, 1906இல் வெளிவந்த அவருடைய முதல் நாவலான 'மாணவன் டோர்லெஸின் குழப்பங்கள்'. ராணுவ விடுதிப் பள்ளியொன்றில் சக மாணவனைச் சிலர் ரகசியமாக வதைப்பதும், டோர்லெஸ் அதை விலக்கவும் இயலாமல் முழுமனத்தோடு சேரவும் இயலாமல் பார்த்திருப்பதுமே கதை. கொடுமையின் வர்ணனைக்காகப் படிப்பவர்கள், நடுவில் கணித வகுப்பிலிருந்து எழுகின்ற ஒரு சந்தேகத்தைத் தாண்டிப் போய்விடக்கூடும், அதைத் தாண்டலாகாது. இல்லாத எண்ணாகிய கற்பனை எண்ணை நடுவில் வைத்துக் கணக்கிட்டு, முடிவில் உண்மையான விடைக்கு வந்து சேர்கிறோமே, இடைவெளியை எதன்மேல் கால்வைத்துக் கடந்தோம் என்று அந்தச் சிறுவன் திகைக்கிறான். கௌரவமான குடும்பத்துப் பிள்ளைகள் பகல் வெளிச்சத்திலிருந்து குரூரத்தின் இருட்டுக்குள் எந்தப் பாலத்தின்மீது நடந்து சென்றார்கள் என்பதும் அவனுக்கு அதே கேள்விதான். கணிதமும் ஒழுக்கமும் இங்கே ஒரே சந்தேகத்தில் வந்து கூடுகின்றன.

இவ்வளவு பழகிய பிறகு பெருநூலுக்கு வரலாம். அதன் முதல் பாகம் 1930இல் வெளிவந்தது. கதை தொடங்குவதோ 1913ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்து வியன்னாவில். அட்லாண்டிக் சமுத்திரத்தின் மேலிருந்த தாழ்வழுத்தம், ரஷ்யாவின் மேலிருந்த உயரழுத்தம், வெப்பநிலைகள், ஈரப்பதம் என்று ஒரு வானிலை அறிக்கையை விஸ்தாரமாகக் கொடுத்துவிட்டு, நல்ல வெயில் நாள் என்று சுருங்கச் சொன்னாலும் போதும் என்பதுபோல ஆசிரியர் நிறுத்துகிறார். அடுத்து ஒரு விபத்து: கனத்த லாரி ஒன்றில் ஒருவன் அடிபட்டுக் கிடக்கிறான். பார்த்துக்கொண்டிருக்கும் சீமாட்டிக்கு நெஞ்சுக்குக் கீழே ஏதோ சங்கடம். கூட வந்த கனவான், இத்தகைய வண்டிகள் பிரேக் போட்டபின் நிற்க நீண்ட தூரம் எடுக்கின்றன என்று விளக்கியதும், அவளுக்குப் பொருள் சரியாக விளங்காவிட்டாலும் பெரும் ஆறுதல் உண்டாகிறது. ஒரு மரண வேதனை தொழில்நுட்பப் பிரச்சினையாக மாறிவிட்டபடியால் இனி அது தன் பொறுப்பன்று என்ற அந்த ஆறுதலை, இதைவிடச் சுருக்கமாகவும் கடுமையாகவும் யாரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை.

நூல் நெடுகிலும் வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டியது ஒரு தேதி. சக்கரவர்த்தி ஃபிரான்ஸ் யோசப் பட்டமேறிய எழுபதாம் ஆண்டு நிறைவை 1918 டிசம்பரில் கொண்டாட வேண்டும். அதே ஆண்டில் ஜெர்மானியக் கைசரின் முப்பதாம் ஆண்டு விழா வருவதால், அதை விஞ்சும்படி ஒரு மகத்தான தேசியக் கருத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும் என்று பிரபுக்களும் அதிகாரிகளும் கூடிப் பேசுகிறார்கள். 1916இல் சக்கரவர்த்தி காலமாகிவிடுவார், 1918 நவம்பரில் இரண்டு சாம்ராஜ்யங்களும் மறைந்துவிடும் என்பதை நாம் அறிவோம், அவர்கள் அறியார்கள். இந்த ஒளியில் வைத்துப் படித்தால் சாதாரண சம்பாஷணையும் கனம் பெறுகிறது. தளபதி ஸ்டும் இராஜாங்க நூலகத்தில் உலகின் தலைசிறந்த கருத்தைத் தேடப் புகுந்து, அங்கேயுள்ள முப்பத்தைந்து லட்சம் நூல்களையும் நாளொன்றுக்கு ஒன்றாகப் படித்தால் பதினாயிரம் ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிட்டுத் திகைக்கும் அத்தியாயம் வயிறு குலுங்கச் சிரிக்க வைப்பது. அதைத் தனியே எடுத்துப் படித்துப் பார்த்துவிட்டுப் பிறகு தொடக்கத்துக்குத் திரும்பினாலும் குற்றமில்லை. டியோட்டிமா என்ற சீமாட்டியின் வரவேற்பறைக் காட்சிகள் சில இடங்களில் தேவைக்கு மேல் நீள்கின்றன; அவற்றை விரைந்து கடக்கலாம். கதாநாயகன் உல்ரிக்கும், ஒரு பெண்ணைக் கொன்ற தச்சன் மோஸ்புரூகரும் வருகின்ற பகுதிகளிலோ ஒரு வரியையும் விடலாகாது. குற்றவாளி பித்தனா, பொறுப்புள்ளவனா, இரண்டில் ஒன்றைச் சொல் என்று சட்டம் கேட்க, மனித மனம் அந்த இரண்டுக்கும் நடுவிலேயே வசிக்கிறது என்பதை மூஸில் காட்டுகிறார்.

இரண்டாம் பாகத்தில் தந்தையின் மரணத்தை ஒட்டி, நெடுநாள் மறந்திருந்த சகோதரி அகாத்தேயை உல்ரிக் சந்திக்கிறான். பரிகாசம் தணிந்து, நடையே மாறி, தியானத்தின் சாயல் வந்துவிடுகிறது. இந்தப் பாகம் நிறைவுறவில்லை. 1938இல் நாஜிகள் ஆஸ்திரியாவைக் கைப்பற்றியபின், யூதப் பிறப்புடைய மனைவி மார்த்தாவோடு சுவிட்சர்லாந்துக்குச் சென்ற மூஸில், வறுமைக்கு நடுவே அதே அத்தியாயங்களைத் திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டிருந்து, 1942 ஏப்ரல் 15ஆம் தேதி ஜெனீவாவில் காலமானார். எஞ்சியவற்றில் ஒரு பகுதியை மறு ஆண்டு மார்த்தாவே தம் செலவில் வெளியிட்டார். முடிவில்லாத நூலைப் படிப்பானேன் என்று சிலர் கேட்கலாம். ஒவ்வொரு அத்தியாயமும் தன்னளவில் பூரணமான ஒரு சிந்தனையாக அமைந்திருப்பதால், இந்த நூலில் எங்கே நிறுத்தினாலும் வாசகர் வெறுங்கையோடு திரும்புவதில்லை.

ஸோஃபி வில்கின்ஸும் பர்ட்டன் பைக்கும் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1995இல் வெளிவந்திருக்கிறது. பிற்பகுதியில் சேர்க்கப்பட்டுள்ள கரட்டுப் பிரதிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் பாகத்தை மட்டும், நாளொன்றுக்கு ஓர் அத்தியாயத்துக்கு மேற்போகாமல், அவசரமின்றிப் படித்து வாருங்கள்.