ஆவணம் மறுக்கும் இடம்

‘பொன்னியின் செல்வன்’, ‘யவன ராணி’, ‘வானம் வசப்படும்’, ‘காவல் கோட்டம்’ ஆகிய நான்கையும் சரித்திர நாவல் என்ற ஒரே அலமாரியில் அடுக்குவது நம் வழக்கம். ‘விஷ்ணுபுர’த்துக்கு அங்கே இடம் கிடைப்பதில்லை; மிகுபுனைவு என்று தனியே ஒதுக்கிவிடுகிறோம். இந்த அடுக்குமுறை அட்டைப்படத்தைப் பார்த்துச் செய்ததே தவிர உள்ளே படித்துச் செய்ததல்ல. கதையில் கிரீடமும் குதிரையும் இருக்கின்றனவா, மன்னனின் பெயர் கல்வெட்டில் வருகிறதா என்பவை எனக்கு முக்கியமல்ல. எழுதுகிறவனின் கற்பனையை எது தடுத்து நிறுத்துகிறது என்று கேட்கிறேன். ‘இல்லை, இது இப்படி நடக்கவில்லை’ என்று ஆசிரியரை மறுக்கும் உரிமை ஓர் ஆவணத்துக்கு இருக்குமானால் அது வரலாற்று நாவல். அந்த உரிமை இல்லாதது, எத்தனை மெய்ப்பெயர்கள் வந்தாலும், மிகுபுனைவின் குடும்பத்தைச் சேர்ந்தது. இதை இழிவாகச் சொல்லவில்லை. அந்தக் குடும்பத்திலும் பெரிய மனிதர்கள் உண்டு.

‘பொன்னியின் செல்வன்’ எழுதிய கல்கியிலிருந்தே தொடங்கலாம். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலைக்கு நமக்கு இருக்கும் முதன்மைச் சான்று உடையார்குடிக் கல்வெட்டு. ராஜராஜனின் 2-ம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அது சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைத் துரோகிகள் என்று குறித்து, அவர்களும் உறவினரும் வைத்திருந்த நிலங்களைப் பறிமுதல் செய்த செய்தியைத் தருகிறது. ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரம்மாதிராஜன் என்றும், பரமேசுவரனுக்கு இருமுடிச்சோழ பிரம்மாதிராஜன் என்றும் பட்டங்கள் இருந்தன. அதாவது இவர்கள் அரசாங்கத்துக்குள்ளேயே உயர்ந்த நிலையில் இருந்தவர்கள். கல்கியின் நாவலில் ரவிதாசன் கூட்டம் வீரபாண்டியனின் ஆபத்துதவிகளாக, பழி தீர்க்க வந்தவர்களாக, அரண்மனைக்கு வெளியே காட்டிலும் பள்ளிப்படையிலும் உலவுகிறது. கல்வெட்டு வீட்டுக்குள் கைகாட்டுகிறது. நாவல் பகைவனைக் காட்டுகிறது. கத்தியைப் பிடித்தது யார் கை என்பதைக் கடைசிவரை மங்கலாகவே விட்ட நேர்மை கல்கிக்கு உண்டு. ஆனாலும் சான்று சங்கடமான ஒன்றைச் சொல்லும் இடத்தில் நந்தினி என்னும் அற்புதமான கற்பனை வந்து குறுக்கே நிற்கிறாள். நந்தினி இல்லாமல் அந்த நாவல் இல்லை. அதனாலேயே அது வரலாற்றைவிடக் காவிய மரபுக்கு நெருக்கமானது. சாண்டில்யனிடம் இந்தத் தயக்கம்கூடக் கிடையாது. புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியெடுத்த யவனத் தொடர்பு மதுச்சாடி, மட்பாண்டம், மணி என்று சாமான்களாகவே நமக்குக் கிடைக்கிறது. ‘யவன ராணி’யின் யவனர்களோ வாளும் காதலுமாகத் திரிகிறார்கள், ஒருவருக்கும் சரக்கு இறக்கி ஏற்றுகிற கவலை இல்லை.

பிரபஞ்சனின் நிலை வேறு. அவர் எழுத உட்கார்ந்தபோது மேசையில் பிரெஞ்சுப் புதுச்சேரியின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இருந்தது. 1736 செப்டம்பரில் தொடங்கி, 1761 ஜனவரியில் ஆங்கிலேயரிடம் நகரம் விழுவதற்குச் சில நாட்களுக்கு முன் பிள்ளை இறக்கும்வரை, ஏறத்தாழ 25 ஆண்டுகள் எழுதப்பட்டது. கப்பல் வந்த நாழிகை, சரக்கின் விலை, கவர்னர் முகம் சுளித்தது, அவர் மனைவி வாங்கிய கையூட்டு, யாருக்கு எத்தனை கஜம் சகலாத்து வெகுமானம் என்று எல்லாம் அதில் உண்டு. இப்படி ஓர் ஆவணம் இருக்கும்போது நாவலாசிரியரால் விருப்பம்போல் ஒரு ராணியைப் படைக்க முடியாது. கவர்னர் துய்மா காலத்தைச் சொல்லும் ‘மானுடம் வெல்லும்’, துய்ப்ளெக்ஸ் காலத்தைச் சொல்லும் ‘வானம் வசப்படும்’ இரண்டிலும் மையக் கதாநாயகன் இல்லாததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். நாட்குறிப்பில் கதாநாயகன் இல்லை. தினமும் வந்து போகிற மனிதர்கள்தான் இருக்கிறார்கள். இரண்டாவது நாவலுக்கு 1995-ல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது.

1748 செப்டம்பரில் ஆங்கிலேயர் முற்றுகைக்கு நடுவே வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்ட கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெகுஜன சரித்திர நாவல் மரபில் வந்தவர் யாராயிருந்தாலும் அங்கே ஒரு வீரனை நிறுத்தியிருப்பார். அவன் வாளை உருவியிருப்பான். நாட்குறிப்பு அதற்கு இடம் தரவில்லை. ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள், முறையிட்டார்கள், மிரட்டப்பட்டார்கள், கலைந்தார்கள். பிள்ளையே கவர்னரின் நம்பிக்கைக்குரியவர். வேதனைப்பட்டு எழுதிவைத்தாரே ஒழியத் தடுக்க அவரால் ஆகவில்லை. அந்தக் கையாலாகாமையை அலங்காரம் செய்யாமல் விட்டதில்தான் பிரபஞ்சனின் கலை தெரிகிறது. அதிகாரத்தின் பக்கத்தில் நிற்கிறவனுக்கும் அதிகாரம் இல்லை என்ற உண்மையை வாளேந்திய கற்பனை வீரன் எவனும் சொல்லியிருக்க மாட்டான். குறை இல்லாமல் இல்லை. ‘வானம் வசப்படு’த்தின் சில பகுதிகளில் ஆவணமே ஆசிரியரை விழுங்கிவிடுகிறது, ஆட்கள் பேசுவதை விட்டுச் செய்தி வாசிக்கிறார்கள். ஆவணம் மறுக்கலாம், ஆனால் கதையை அது எழுதித் தராது.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபம் எழும். பிள்ளை செல்வர், வணிகர், துபாஷி. அவர் கண்ணில் பட்டதுதானே நாட்குறிப்பில் ஏறியது, அதை நம்பி எழுதிய நாவல் மேல்தட்டின் வரலாறாகத்தானே முடியும்? ஆட்சேபத்தின் முதல் பாதி சரி. ஆனால் ஒரு நல்ல ஆவணம் எழுதியவனுக்கே எதிராகவும் சாட்சி சொல்லும். 1743-ல் ஆட்களைக் கடத்தி அடிமைகளாக விற்ற கூட்டத்தைப் பற்றியும், 1745-ல் சம்பா கோவில் என்னும் கிறித்தவ ஆலயத்துக்குள் பறையர்களைப் பிரித்து எழுப்பியிருந்த சுவரைப் பற்றிய தகராறையும் நமக்குச் சொல்வது அதே பிள்ளைதான். அவர் ஒரு வரியில் கடந்துபோன மனிதர்களிடம் பிரபஞ்சன் நின்று பேசுகிறார். தாசிகளும் வேலைக்காரர்களும் அவர் நாவலில் பெறும் இடம் நாட்குறிப்பில் அவர்களுக்கு இல்லை. கற்பனைக்கு உரிய வேலை இதுதான். நாகரத்தினம் கிருஷ்ணா ‘நீலக்கடலில்’ இன்னும் ஓர் எட்டு முன்னே போய், இங்கிருந்து மொரீசியசுக்குக் கப்பலேற்றப்பட்டவர்களைத் தேடுகிறார். பிள்ளையின் பார்வை துறைமுகத்தோடு நின்றுவிடும். அந்த நாவலின் பார்வை கடலைத் தாண்டுகிறது.

என் அளவுகோலைச் சோதிக்க வசதியாக ஒரே எழுத்தாளர் இரண்டு வகையிலும் எழுதியிருக்கிறார். சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ ஏறக்குறைய 600 ஆண்டுக் கதை. அரசர்கள் வந்துபோகும் முற்பகுதி அவசர நடையில் ஓடுகிறது; 19-ம் நூற்றாண்டில் கலெக்டர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டையை இடிக்கும் காலம் வந்ததும், அலுவலகக் காகிதங்கள் தடிமனாகத் தடிமனாக, நாவல் காலூன்றி நடக்கிறது. அவருடைய ‘வேள்பாரி’க்குச் சங்கப் பாடல்களைத் தவிரப் பிடிமானம் இல்லை. அதனால் பறம்பு மலையின் செடியும் விலங்கும் விருப்பம்போல் வளர்கின்றன, வளரட்டும். ‘பொன்னியின் செல்வ’னுக்கு மணியம் படம் வரைந்தார், ‘வேள்பாரி’க்கு அவர் மகன் மணியம் செல்வன் வரைந்தார். படைப்புகளின் உறவுமுறையை விமர்சகர்களைவிட ஓவியர் குடும்பம் சரியாகக் காட்டிக்கொடுத்துவிட்டது.

இனி ‘விஷ்ணுபுரம்’. 1997-ல் வந்த ஜெயமோகனின் இந்த நாவலில் ஆவணம் எதுவும் கிடையாது, ஊரே கற்பனை. ஆனால் அதன் இரண்டாம் பாகம் முதல் பாகத்துக்குப் பல தலைமுறை முந்திய காலத்தில் நடக்கிறது. முன்பு வாழ்ந்து வாதிட்ட மனிதர்கள் பிற்காலத்தவர் வாயில் எப்படிப் புராணமாகத் திரிகிறார்கள் என்பதை வாசகன் தானே ஒப்பிட்டுக் கண்டுகொள்ள வேண்டும். தான் வகுத்த விதிக்கு அந்த நாவல் கட்டுப்படுகிறது. கடந்த காலம் எப்படித் தயாரிக்கப்படுகிறது என்பதை நம் சரித்திரத் தொடர்கதைகள் பலவற்றைவிடக் கூர்மையாகச் சொல்கிறது. மிகுபுனைவு என்றால் தப்பியோடல் என்று நினைக்கிறவர்கள் இதை மறுபடி படிக்கலாம். 2014 முதல் 2020 வரை 26 நூல்களாக விரிந்த ‘வெண்முரசு’க்கோ மகாபாரதமே கட்டுப்பாடு, குருக்ஷேத்திரத்தின் முடிவை ஜெயமோகனால் மாற்ற இயலாது.

எல்லா வரலாறும் சொல்லப்பட்ட கதைதானே, ஆவணத்துக்கு மட்டும் என்ன தனி மரியாதை என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில்தான் உண்டு. பிள்ளையின் நாட்குறிப்பும் ஒரு சொல்லல்தான். ஆனால் அது நம்முடைய சொல்லல் அல்ல, நம் வசதிக்காக எழுதப்பட்டதும் அல்ல. நாம் கேட்க விரும்பாததை அது சொல்லிக்கொண்டேயிருக்கும். கல்கிதான் லட்சக்கணக்கானவர்களைச் சோழர் வரலாற்றின் பக்கம் திருப்பினார் என்பது அடுத்த வாதம். உண்மை. திரும்பியவர்களில் பலர் உடையார்குடிக்குப் போகாமல் நந்தினியின் அரண்மனையைத் தேடிக்கொண்டிருப்பதும் உண்மை.

புதுச்சேரிக்கு இன்னும் எழுத வேண்டியது நிறைய மிச்சம் இருக்கிறது. 18-ம் நூற்றாண்டுக்குப் பிள்ளை கிடைத்தார். சுதந்திரப் போராட்டத்துக்குப் பிரபஞ்சனின் ‘கண்ணீரால் காப்போம்’ வந்தது. இந்தோசீனாவுக்குப் பிழைக்கப் போனவர்களுக்கு நாகரத்தினம் கிருஷ்ணாவின் ‘சைகோன் – புதுச்சேரி’ இருக்கிறது. 19-ம் நூற்றாண்டு மட்டும் வெறிச்சென்று கிடக்கிறது. ரெயூனியன் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகள், 1881 ஆணைக்குப் பின் தம் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுப் புதுக் குடும்பப் பெயர் சூடிய ரெனோன்சான்கள், பிரெஞ்சுப் படையிலிருந்து பென்ஷனோடு திரும்பிவந்த சொல்தாக்கள் என்று மனிதர்கள் பதிவேடுகளில் காத்திருக்கிறார்கள். ஒரு காலையில் அதிகாரி முன்னால் போய் நின்று, அப்பன் தந்த பெயருக்குப் பின்னால் ஒரு புதுப் பெயரைச் சேர்த்துக் கையெழுத்திட்டவன் அன்று மாலை தெருவுக்குத் திரும்பியபோது அவனை யார் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதைப் பதிவேடு சொல்லாது. அந்த மாலையை எழுத ஒரு நாவலாசிரியர் வேண்டும். காலையை மாற்றி எழுதப் பதிவேடு அவரை விடாது.